துடைப்பமும் பின்னல் ஊசியும்: வாசகர் கேள்விகள்

துடைப்பச் சோளத்தில் துடைப்பமும், மரத்தில் ஸ்வெட்டர் பின்னும் ஊசியும் கையாலேயே செய்து பிழைக்கும் கைவினைஞர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

துடைப்பம் எங்கே, பின்னல் ஊசி எங்கே! இரண்டையும் ஒருவரே செய்வது வேடிக்கையாக இல்லையா அம்மா?

கேட்பவர்களுக்குத்தான் வேடிக்கை. துடைப்பத்துக்குக் கைப்பிடி இழைக்கும்போது நல்ல கட்டைத் துண்டுகள் மிஞ்சும். அடுப்பில் போட மனசு வரவில்லை, ஊசி செய்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று தோது என்று. நார் நனைந்து பதமாகும் நேரத்தில் ஊசி தேய்க்கலாம். ஊசியில் எண்ணெய் காயும்வரை துடைப்பம் கட்டலாம். ஒன்று நின்றுகொண்டு செய்யும் வேலை, மற்றது உட்கார்ந்து செய்வது. இடுப்புக்கும் ஓய்வு.

கடையில் வாங்கும் துடைப்பம் சீக்கிரமே கொட்டிவிடுகிறது. உங்கள் துடைப்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கட்டுதான் இருக்கிறது. துடைப்பச் சோளம் என்பதும் சோளத்தில் ஒரு ரகம்தான். ஆனால் தானியத்துக்காக இல்லாமல், கதிரில் நீளும் விறைப்பான நாருக்காக வளர்ப்பது. மணி முற்றுவதற்கு முன், நாரில் பச்சை இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் நார் சிவந்து, மொடமொடவென்று ஒடிய ஆரம்பிக்கும். அறுத்ததை நிழலில் உலர்த்தி, மணிகளைச் சீவி எடுத்துவிடுவேன்.

நாருக்குக் கீழே உள்ள தண்டை, அதாவது தட்டையை, வெதுவெதுப்பான நீரில் நனைத்தால்தான் இறுக்கும்போது வெடிக்காது. கயிற்றின் ஒரு முனை கைப்பிடியில், மறு முனை என் காலடியில் இருக்கும் உருளையில். காலால் உருளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றினால், கயிறு விண்ணென்று நின்றபடியே சுற்றும். கையால் இழுத்தால் இந்த இறுக்கம் வராது. விஷயம் இங்கேதான்: நனைந்த தட்டை காயும்போது சுருங்கும். கட்டு தளர்வாக இருந்தால், காய்ந்தபின் உள்ளே இடைவெளி விழும். உங்கள் துடைப்பம் கொட்டுவது அந்த இடைவெளியிலிருந்துதான்.

உருண்டையாக இல்லாமல் பட்டையாக ஏன் தைக்கிறீர்கள்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாட்லி ஊரில் லீவை டிக்கின்சன் என்ற விவசாயி 1797-இல் இந்தச் சோளக்கதிரில் துடைப்பம் கட்டினார். அந்தக் காலத்துத் துடைப்பம் உருண்டைதான். பட்டை வடிவத்தைக் கொண்டுவந்தவர்கள் ஷேக்கர்கள் என்ற சமயக் குழுவினர். உருண்டைத் துடைப்பம் நடுவில் மட்டும் தரையைத் தொடும். பட்டையானது ஓரம் முழுக்கத் தொடும், மூலையிலும் நுழையும். இடுக்கியில் வைத்து நசுக்கி, மெழுகு பூசிய நூலால் வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். உள்ளங்கையில் தோல் கவசம் இல்லாமல் அந்தத் தையல் ஊசியைத் தள்ள முடியாது.

ஒரு புத்தகத்தில் “8-ஆம் எண் ஊசி” என்று போட்டிருந்தது. வாங்கிப் பின்னினால் ஸ்வெட்டர் தொளதொளவென்று வந்துவிட்டது. ஏன்?

புத்தகம் பழைய பிரிட்டிஷ் எண்ணைச் சொல்லியிருக்கும், நீங்கள் அமெரிக்க எண்ணில் வாங்கியிருப்பீர்கள். பிரிட்டிஷ் 8 என்றால் 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8 என்றால் 5. போதாக்குறைக்கு, ஒன்றில் எண் கூடினால் ஊசி மெலியும், மற்றதில் தடிக்கும். என்னிடம் வருபவர்களிடம் எண்ணே கேட்பதில்லை, மில்லிமீட்டர்தான்.

நானே செய்து பார்த்தேன். நூல் சிக்குகிறது, ஊசியும் ஒடிந்துவிட்டது.

ரம்பத்தால் அறுத்த குச்சியாக இருக்கும். அறுக்கும்போது மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டால், ஒடிவதும் அதே இடத்தில்தான். நான் மேப்பிள், பிர்ச், செர்ரி மாதிரி நெருங்கிய ரேகை உள்ள மரத்தை, ரேகையின் போக்கிலேயே பிளந்துகொள்வேன். ரேகை முனைக்கு முனை ஓட வேண்டும். அப்படியும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மரம் சுலபமாக ஒடியும், ஸ்டீல் வாங்கிக்கொள்ளுங்கள். வழுக்கும் நூலுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும்தான் மர ஊசி ரொம்ப உதவும். கண்ணி நழுவாது. இறுக்கிப் பின்னும் கை உள்ளவர்களுக்கு அதுவே எரிச்சல்.

சிக்கலுக்கு வருவோம். 220 எண் உப்புத்தாளால் தேய்த்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். படுத்திருந்த சிலும்பெல்லாம் எழுந்து நிற்கும். காயவிட்டு 400, பிறகு 600. பழைய நைலான் காலுறையில் ஊசியை இழுத்துப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். கடைசியில் ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கிவிடுங்கள்.

இந்தத் தொழிலில் வயிறு நிறைகிறதா?

நிறைப்பது துடைப்பம். பாராட்டு வாங்குவது ஊசி. ஊசிக்குச் சொன்ன விலையைக் கொடுப்பவர்களே துடைப்பத்துக்குப் பேரம் பேசுவார்கள். குப்பையைத் தொடுகிற சாமான் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. கட்டை விரல் மூட்டு வலியும் மரத்தூள் இருமலும் கணக்கில் வராத செலவு. முகக்கவசம் போடாமல் உப்புத்தாளைத் தொடுவதில்லை.

உங்களிடம் வாங்கிய துடைப்பம் ஒரு பக்கமாக வளைந்துவிட்டதே?

நார் தரையில் ஊன்ற நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். நுனியை வெந்நீரில் நனைத்து, நேராக நீவி, துணியால் சுற்றிக் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நிமிர்ந்துவிடும். இனி ஆணியில் மாட்டுங்கள்.