மடக்கிப் பார்த்துவிட்டேன், இனி அறுவை சிகிச்சைதானா?

கேள்வி: மெத்தை விரிப்பை இழுத்துச் செருகும்போது வலது மோதிர விரலின் நுனி தொங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆறு வாரம் ஸ்பிளின்ட் (விரல் நுனியை மடங்காமல் நிமிர்த்தி வைக்கும் அச்சு) போடச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் குளிக்கும்போது கழற்றி, சரியாகிவிட்டதா என்று மடக்கிப் பார்த்தேன். நுனி மறுபடியும் தொங்குகிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அந்த மூன்று வாரம் கணக்கில் சேராது. ஸ்பிளின்ட்டைத் திரும்ப மாட்டும் நாள்தான் உங்களுக்கு முதல் நாள்.

விரல் நுனியை நிமிர்த்தும் தசைநாண், நகத்துக்குச் சற்றுப் பின்னால் எலும்பில் ஒட்டும் இடத்தில் நாடாவைப் போலத் தட்டையாக, மிக மெல்லியதாக இருக்கிறது. அறுந்தாலும் முனைகள் வெகுதூரம் விலகுவதில்லை. நுனி மூட்டை நிமிர்த்தியே வைத்திருந்தால் இடைவெளியில் தழும்புத் திசு வளர்ந்து இரண்டையும் இணைத்துவிடும். மூன்றாம் வாரத்தில் அது இளசு, இழுத்தால் நீண்டுவிடும். நீங்கள் மடக்கியபோது நடந்தது அதுதான்.

குளியலறைதான் இந்தச் சிகிச்சையின் பரம எதிரி. தோலைச் சுத்தம் செய்ய ஸ்பிளின்ட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் அதை மேசையில் வைத்துச் செய்யுங்கள். உள்ளங்கை கீழே இருக்கட்டும். விரல் முழுவதும் மேசையில் படிந்திருக்க, ஸ்பிளின்ட்டை மெல்ல முன்பக்கமாக உருவுங்கள். ஈரத்தை ஒற்றி எடுத்து, தோல் நன்றாக உலரும்வரை விரலை அப்படியே வைத்திருங்கள். திரும்ப மாட்டும்போது இன்னொருவர் நுனியை அடியிலிருந்து தாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. மூட்டின் மேல்தோல் வெளுத்திருந்தால் விரலை அளவுக்கு மீறிப் பின்னால் வளைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தோல் புண்ணாகும் முன் உடனே மாற்றச் சொல்லுங்கள். நடு மூட்டைக் கட்ட வேண்டாம், அது தாராளமாக மடங்கட்டும்.

இப்படி 6 முதல் 8 வாரம், இரவும் பகலும். அதன்பின் 2 முதல் 4 வாரம் இரவில் மட்டும். அந்தக் கட்டத்தில்தான் பயிற்சி தொடங்கும்: முதல் வாரம் 20, 25 டிகிரிக்கு மேல் மடக்காதீர்கள், பிறகு வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மற்றொரு கையால் அழுத்தி மடக்குவது கூடவே கூடாது. நுனி மறுபடி தொய்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஸ்பிளின்ட்டுக்குத் திரும்புங்கள்.

கத்தியோ கண்ணாடியோ வெட்டிய காயம், மூட்டு இடம் விலகியிருப்பது, மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்புத் துண்டு பெயர்ந்திருப்பது ஆகியவற்றில்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம். உங்கள் எக்ஸ்ரே அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, ஸ்பிளின்ட் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் அப்படியே விட்டால் நடு மூட்டு பின்னோக்கி வளையத் தொடங்கலாம். அதைச் சரிசெய்வது இதைவிடக் கடினம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் 5, 10 டிகிரித் தொய்வு மிஞ்சக்கூடும். சட்டைப் பொத்தான் போட அது தடையாக இருக்காது.