பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு எந்த ஸ்டீரியோ பொருந்தும்?

சென்னை பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் கூடம் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். மாலை நேரங்களில் கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களும் கேட்போம். பெரும்பாலும் கைப்பேசியிலிருந்துதான் கேட்கிறோம். ஆனால் அப்பா சேர்த்து வைத்த சிடிக்களும் நிறைய இருக்கின்றன. தொலைக்காட்சியையும் அதிலேயே இணைக்க வேண்டும். 25,000 ரூபாய் வரை செலவிடலாம். கடையில் ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 செட்டையே வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?”

வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் தேவைக்கு, தாழ்ந்த ஒலிக்கு 4 அங்குல வூஃபரும் கூர்ந்த ஒலிக்குத் தனி ட்வீட்டரும் கொண்ட, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் போதும். அதே 25,000 ரூபாயை ஆறு பெட்டிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு பெட்டியும் மலிவான பொருளாகத்தான் அமையும். இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் செலவிட்டால் இரண்டும் தரமாகக் கிடைக்கும். நீங்கள் கேட்கும் பாடல்களும் இரண்டு சேனல்களிலோ, மிகப் பழையவையென்றால் ஒரே சேனலிலோ பதிவானவை. மீதிப் பெட்டிகளுக்கு அங்கே வேலையே இல்லை.

சப்வூஃபரை நான் தவிர்க்கச் சொல்வதற்கு உங்கள் அறையின் அளவே முதன்மையான காரணம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் ஒலி மோதித் திரும்பும்போது, அந்த இடைவெளிக்கு ஏற்ற சில தாழ்ந்த சுருதிகள் மட்டும் அளவுக்கு மீறி வீங்கும். 12 அடிக்கு அது ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ்; 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். உங்கள் கூடத்தில் அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால், அந்த 56 ஹெர்ட்ஸ் இரண்டு திசைகளிலிருந்தும் சேர்ந்து வீங்கும். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது என்பதால், வீக்கம் நேராக அதன் எல்லைக்குள்தான் வந்து விழுகிறது. அங்கே சப்வூஃபரையும் வைத்தால் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்காமல் எல்லாம் ஒரே ‘தொம்’ என்றாகிவிடும். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கும் கான்கிரீட் வழியாக அது மட்டுமே போய்ச் சேரும். மாறாக, 4 அங்குல வூஃபர் கொண்ட சிறிய பெட்டியின் ஒலி ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே தானாகவே தணியத் தொடங்கும்; அருகிலுள்ள சுவர் தாழ்சுருதிகளுக்குச் சற்று வலுவூட்டுவதால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. சிறிய பெட்டி என்றாலே இரண்டாம் தரம் என்று எண்ண வேண்டியதில்லை. பிபிசி நிறுவனம் 1970களில் தன் வெளிப்புற ஒளிபரப்பு வாகனங்களின் நெருக்கடியான இடத்துக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் ஓர் அடி உயரம்தான். மனிதக் குரலை அது காட்டும் நேர்த்திக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

வாட் கணக்கிலும் ஏமாற வேண்டாம். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ (ஒரு கண நேர உச்ச ஆற்றல்) எண்ணை அடியோடு ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து தரும் ஆற்றலான ஆர்எம்எஸ் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 86 டெசிபல் உணர்திறன் கொண்ட ஒரு ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் ஒலி தரும். இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் 6 டெசிபல் குறையும். ஆனால் இரண்டு ஸ்பீக்கர்கள் இருப்பதாலும் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும் பெரும்பகுதி ஈடாகிவிடும். சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான் என்னும்போது, பக்கத்துக்கு 20 வாட் ஆர்எம்எஸ் உங்கள் கூடத்துக்குத் தாராளம்.

எடுத்துக்காட்டாக, எடிஃபையர் ஆர்1280டிபி இந்த வகையைச் சேர்ந்தது: 4 அங்குல வூஃபர், இரண்டும் சேர்த்து 42 வாட் ஆர்எம்எஸ், புளூடூத், ஆப்டிகல் (ஒளி வழிக் கேபிள்), சாதாரண ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை முனை) இணைப்புகள். இதையேதான் வாங்க வேண்டும் என்பதில்லை. இந்த இணைப்புகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முக்கியம். தொலைக்காட்சியை ஆப்டிகல் கேபிளில் இணையுங்கள். புளூடூத்தில் இணைத்தால் உதட்டசைவுக்குச் சற்றுப் பிந்தி வசனம் வரக்கூடும். சிடிக்கென்று தனிக் கருவி உடனே தேவையில்லை. வீட்டில் பழைய டிவிடி பிளேயர் கிடந்தால், அதுவே ஆடியோ சிடியையும் வாசிக்கும். பின்புறத்துச் சிவப்பு, வெள்ளை முனைகளிலிருந்து ஒரு ஆர்சிஏ கேபிள் போட்டால் போதும். சிடி, ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் மூன்றும் ஒன்றாக வரும் டெனான் போன்ற மினி சிஸ்டம்கள் அருமையானவை என்றாலும் உங்கள் தொகைக்குள் அடங்குவது கடினம். சவுண்ட்பார் தொலைக்காட்சி வசனத்துக்கு உதவும். ஆனால் ஒரே பட்டைக்குள் இடமும் வலமும் அருகருகே அடைபட்டிருப்பதால், வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் விரிந்து கேட்கும் சுகம் அதில் வராது.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவைக் கைப்பேசியில் கொண்டு செல்லுங்கள். மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் இடப்பக்கமான தொப்பியின் கும்காரமும் தனித்தனியாகக் கேட்கின்றனவா, பாடகரின் ‘ஸ’காரம் காதைக் குத்துகிறதா, தம்புரா பின்னணியில் அறுபடாமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதே நல்லது என்று எந்தக் காதும் நம்பிவிடும்.

வாங்கிய பின் அவற்றை எங்கே வைக்கிறீர்கள் என்பதே பாதித் தரத்தை முடிவு செய்கிறது. பத்தடிச் சுவரையொட்டி, ஸ்பீக்கர்களுக்கிடையில் நான்கரை அல்லது ஐந்தடி இருக்கட்டும். அமரும் இடத்தைக் கூடியவரை இரண்டுக்கும் சமதூரத்தில் அமையுங்கள். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும், அலமாரியின் மேல்தட்டில் அல்ல. பின்பக்கம் காற்றுத் துளை உள்ள பெட்டியானால் சுவரிலிருந்து முக்கால் அடியாவது முன்னே இழுத்து வையுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் துளை முன்பக்கம் உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். மூலை கூடவே கூடாது. சோபாவையும் பின்சுவரோடு ஒட்டாமல் ஓரடி முன்னால் தள்ளிப் போடுங்கள், சுவரையொட்டித்தான் தாழ்சுருதி மிகுதியாகத் தேங்கும்.

நம் வீடுகளில் தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட், சுற்றிலும் வெறும் சுவர். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று ஓர் அதிர்வு தொடர்ந்தால் அறைக்குத் துணி தேவை. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் தடித்த கம்பளம் ஒன்று, ஜன்னலுக்குக் கனமான திரை. நீங்கள் அமரும் இடத்திலிருந்து பார்க்க, வேறொருவர் பக்கச் சுவரில் கைக்கண்ணாடியை மெல்ல நகர்த்தட்டும். எந்த இடத்தில் அதில் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி முதலில் மோதித் திரும்புகிறது. அவ்விடத்தில் புத்தக அலமாரியோ தொங்கும் துணியோ இருந்தால் குரல் துலங்கும். பீரோவின் கைப்பிடியும் ஷோகேஸ் கண்ணாடியும் பாட்டோடு சேர்ந்து கிடுகிடுக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒட்டும் ஃபெல்ட் துண்டுகளே அதற்குப் போதும். பெட்டிகளுக்கு அடியில் ரப்பர் அல்லது ஃபோம் திண்டு வைத்தால் மேசைக்கு இறங்கும் அதிர்வு குறையும்.

மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய ஸ்பீக்கர் மலிவாகக் கிடைத்தால், முன்வலையைக் கழற்றி, வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் வளையம் நெடுங்காலம் நிற்கும். ஃபோம் வளையம் நம் கடலோர ஈரக்காற்றில் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாக உதிரும். விரலில் அந்தப் பொடி ஒட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.