பைக் ஹெட்லைட் வெளிச்சம் பத்தவில்லை, எல்இடி பல்பு போட்டால் சரியாகிவிடுமா?

கேட்டவர் வைத்திருப்பது 150 சிசி வண்டி, சில வருஷம் ஓடியது, 35/35 வாட் (பிரைட்டுக்கு 35, டிம்முக்கு 35) பல்பு. வேலை முடிந்து ராத்திரி இருவழிச் சாலையில் ஊருக்குத் திரும்பும்போது எதிரே லாரி வந்தால் ரோடே தெரிவதில்லை, எல்இடி போடலாமா இல்லை 100/90 வாட் பல்பு போடலாமா என்கிறார்.

இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம். ஏற்கெனவே வண்டியில் இருக்கிற பல்பு தன் முழு வெளிச்சத்தைத் தருகிறதா, அது விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இந்த ரெண்டுமே சரியாக இருக்காது, ஆனால் கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், அவருக்குப் பல்பு விற்க வேண்டும்.

ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறைந்துவிடும். உங்கள் 35/35 வாட் பல்புக்கு (அதன் வகைப்பெயர் எச்எஸ்1) 13.2 வோல்ட் கிடைத்தால் பிரைட்டில் 825 லூமன், டிம்மில் 525 லூமன் வெளிச்சம் என்பது கணக்கு. அந்த இடத்தில் 12 வோல்ட்தான் வருகிறது என்றால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது, 11 என்றால் கிட்டத்தட்ட பாதி காலி. பேட்டரியில் இருக்கிற வோல்டேஜ் பல்புக்கு வந்து சேர்வதற்குள் மெல்லிய வயர், கைப்பிடி ஸ்விட்ச்சுக்குள் பச்சை பூத்த பாயின்ட், தளர்ந்த கப்ளர், துருப்பிடித்த எர்த் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் போய், எஞ்சின் ஓடும்போது, லைட் எரியும்போதே, பேட்டரியில் எவ்வளவு, பல்பு ஹோல்டரில் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் உங்கள் பிரச்சினை பல்பில் இல்லை, வயரிங்கில் இருக்கிறது. பாயின்ட்டுகளைச் சுத்தம் செய்து எர்த்தை நேராக பேட்டரி மைனஸுக்கு இழுத்தாலே சில வண்டிகளில் நல்ல மாற்றம் தெரியும்.

அது போதவில்லை என்றால் ரிலே, அதாவது சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-ம் நம்பர் பின்னுக்கு ஒரு தடித்த வயர், 87-லிருந்து பல்புக்கு, 85 எர்த், பழைய ஸ்விட்ச் வயர் 86-க்கு. அதற்குப் பிறகு ஸ்விட்ச்சுக்கு ரிலேயைத் தட்டிவிடுகிற வேலை மட்டும்தான், பல்பு இழுக்கிற கரண்ட் அதன் வழியாகப் போகாது. ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள், பல்புக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

இது பேட்டரியிலிருந்து எரியும் டிசி ஹெட்லைட்டுக்கு மட்டும். சில பழைய வண்டிகளில், முக்கியமாகச் சின்ன கம்யூட்டர் வண்டிகளில், ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியாமல் மேக்னெட் காயிலிலிருந்து வரும் ஏசியில் எரியும். ஐடிலில் நிற்கும்போது அழுது வடிந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் பளிச்சென்று ஏறினால் அநேகமாக அது ஏசிதான். அதில் ரிலே வேலைக்கு ஆகாது, டிசிக்கென்று செய்த எல்இடியும் மினுக்கும். டிசிக்கு மாற்ற வேண்டுமென்றால் காயிலைக் கழற்றி அதன் எர்த்தைப் பிரித்து, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரையும் மாற்ற வேண்டும், தெரிந்த ஆள் கையில் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது டூம், அதாவது வெளிக் கண்ணாடியும் உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூடு. வெளிக் கண்ணாடி இப்போதெல்லாம் பிளாஸ்டிக், வெயிலில் நின்று நின்று மஞ்சளாகி மங்கிவிடும். லேசான மங்கலாக இருந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருத்திருந்தால் துணி விட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு துணியோடு வந்துவிடும், டூமையே மாற்ற வேண்டியதுதான். புதுப் பல்பு மாட்டும்போது கண்ணாடிப் பகுதியை விரலால் தொடக்கூடாது, பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

இப்போது காசே செலவில்லாத, ஆனால் யாருமே செய்யாத வேலை: லைட்டின் உயரத்தைச் சரி செய்வது. சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், வழக்கமாக எப்படிப் போவீர்களோ அப்படியே ஏறி உட்காருங்கள், பின்னால் வீட்டம்மா தினமும் வருவார் என்றால் அவரையும் உட்கார வையுங்கள். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி லைட் வானத்தைப் பார்க்கும், அதனால்தான். ஹெட்லைட்டின் நடு உயரம் எவ்வளவோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். லைட் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், இந்தச் சரிவில் மேல் விளிம்பு 90 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். சுவரில் 10 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தால் 45 மீட்டரிலேயே முடிந்துவிடும். அதாவது ஒரு விரல் நீளம்கூட வராத வித்தியாசத்தில் உங்கள் பார்வை தூரம் பாதியாகிறது. கோட்டுக்கு மேலே போனாலோ, எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். டூமுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூவோ பக்கத்தில் ரெண்டு போல்ட்டோ இருக்கும், அவ்வளவுதான் வேலை.

சரி, எல்இடி. ரெண்டு இழைப் பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கீழ்ப்பக்கம் போகிற ஒளியைத் தடுத்து, ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு ரோட்டைப் பார்த்து இறங்க வைக்கிறது. ரிஃப்ளெக்டர் முழுக்க அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைத்தது. எல்இடி சிப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும், தட்டையாக ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்தாலும் அந்தக் கணக்கு கெட்டுவிடும். அப்புறம் முன் சக்கரத்துக்கு நாலடி முன்னால் பகல் போல இருக்கும், தூரத்தில் ஒன்றும் இருக்காது, எதிரே வருகிறவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். கிட்டத்தில் வெளிச்சம் அதிகமானால் நம் கண்ணும் அதற்கே பழகி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். ஓட்டுகிறவருக்கு வெளிச்சம் கூடியது போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. இன்னொன்று, எல்இடியின் சூடு பின்பக்கம் போகும், அதனால் ஃபேன் வைத்திருப்பார்கள், பின்னால் ரப்பர் மூடி மூடாது, மழைத்தண்ணீர் உள்ளே போய் ரிஃப்ளெக்டர் பாழ்.

100/90 பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 35 வாட்டுக்கு 3 ஆம்பியர் போதும், 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். காயில் தாங்காது, ஹோல்டர் உருகும், பிளாஸ்டிக் டூம் வளையும். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு அது சட்டப்படியும் தப்பு. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது.

எல்இடிதான் வேண்டும் என்றால், எல்இடிக்காகவே வடிவமைத்த முழு ஹெட்லைட்டை, உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்திருந்தால், வாங்குங்கள். புல்லட்காரர்கள் ஆன்லைனில் வாங்கும் 7 அங்குல வட்ட லைட்டுகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அதில் சில அமெரிக்கா, ஐரோப்பா போல வலப்பக்கம் ஓட்டும் ஊருக்கானவை. அதன் டிம் வலப்பக்கம் தூக்கி அடிக்கும், நம் ஊரில் வலப்பக்கம்தான் எதிரே வண்டி வருகிறது.

ஹெல்மெட் கண்ணாடியையும் பாருங்கள். கீறல் விழுந்த வைசரில் எதிர் வெளிச்சம் நட்சத்திரமாகச் சிதறும், பாதி நேரம் ‘லைட் பத்தவில்லை’ என்பதே இதுதான். கறுப்பு வைசரை ராத்திரி போடவே வேண்டாம், மஞ்சள் ‘நைட் கிளாஸ்’ விற்கிறார்களே, அதுவும் வருகிற வெளிச்சத்தைக் குறைக்கத்தான் செய்யும்.

எல்லாம் செய்த பிறகும் 35 வாட் 35 வாட்தான். 60-ல் போனால் நொடிக்கு 16, 17 மீட்டர். கண்டு பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி, அதற்குப் பிறகு வண்டி நிற்க வேண்டும், காய்ந்த ரோட்டிலேயே மொத்தம் 50 மீட்டர் ஓடிவிடும். நான்குவழிச் சாலையில் நடுவில் அரளி நட்டிருப்பதால் எதிர் வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, உங்களுடைய இருவழிச் சாலையில் அந்த வசதி கிடையாது. லாரி நெருங்கும்போது அதன் லைட்டைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள், கோடு இல்லாத ரோடு என்றால் லாரி கடக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். விழுப்புரம், கடலூர் பக்கம் கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் டிராக்டர் டிரெய்லர்கள் போகும், எதிரே லாரி வந்தால் அவை சுத்தமாக மறைந்துவிடும். அந்தச் சீசனில் அந்தப் பக்கம் ராத்திரி நான் 40-க்கு மேல் போவதில்லை.