சீப்பில் சேரும் முடியே போதும்

(பழைய பாணி கூந்தல் அலங்காரம் பற்றி வாசகிகள் கேட்டவற்றுக்கு, மேடை நாடகங்களுக்கும் மணப்பெண்களுக்கும் கூந்தல் அலங்காரம் செய்யும் நமது பகுதி எழுத்தாளர் பதில் தருகிறார்.)

இரண்டாம் உலகப் போர்க் காலத்து லண்டனில் நடக்கும் நாடகம் ஒன்றைக் கல்லூரியில் போடுகிறோம். இரண்டு மாதம் இருக்கிறது. அந்தக் காலப் பெண்கள் நெற்றிக்கு மேலே இரு பக்கமும் முடியைச் சுருட்டி வைத்திருப்பார்களே, அது எனக்கு நிற்கவே மாட்டேன் என்கிறது. என் முடி நேரானது, வழுக்கும். கடையில் வாங்கிய டோனட்டை (கொண்டைக்குள் வைக்கும் வளையம்) வைத்தால் பெரிதாகத் தெரிகிறது. என்ன செய்யட்டும் அக்கா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

விக்டரி ரோல் என்பார்கள் அந்தச் சுருளை. உங்கள் முடியில் ஒரு குறையும் இல்லை. நேரான முடியை வெறுமனே சுருட்டினால் நடுவில் ஒன்றும் இருக்காது, அப்புறம் ஸ்லைடு பின் எதைப் பிடித்து நிற்கும்? உள்ளே ஒரு ஸ்டஃபிங் வேண்டும். டோனட் பின்கொண்டைக்குச் சரி. முன்னந்தலைக்கு அது பெரிது, நைலான் வழுக்கவும் செய்யும். சீப்பில் சேரும் உங்கள் சிக்கு முடியைவிட இதற்கு நல்ல பொருள் கிடையாது. நிறம் அப்படியே பொருந்தும், முடியோடு முடி கவ்விக்கொள்ளும், தலையில் இருப்பதே தெரியாது.

போருக்கு வெகுகாலம் முன்பே மேல்நாட்டுப் பெண்கள் இதைச் செய்துவந்தார்கள். 19-ம் நூற்றாண்டு வீடுகளில் அலங்கார மேசை மேல், மூடியில் ஓட்டை வைத்த பீங்கான் கிண்ணம் ஒன்று இருக்கும். தலை வாரி முடித்ததும் சீப்பில் இருப்பதை உருவி அந்த ஓட்டைக்குள் போடுவார்கள். சேர்ந்த பிறகு உருளையாக்கி, முன்முடிக்கு அடியில் வைத்து உயர்த்திச் சீவுவார்கள். சார்லஸ் டானா கிப்சன் என்ற ஓவியர் வரைந்த பெண்களைப் பார்த்து அமெரிக்கப் பெண்கள் உப்பலாகத் தூக்கிக் கட்டினார்களே, அந்தக் கூந்தலுக்கு அடியிலும் பெரும்பாலும் இதுதான்.

இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு, எனவே இரண்டு மாதத்தில் தேவையானது கிடைத்துவிடும். காகித உறையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கி வாடை வரும். எண்ணெய் வைத்த நாளில் உதிர்ந்தது வேண்டாம். சேர்ந்ததை ஒரு பழைய வலைத் துணியில் முடிந்து, ஷாம்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். சிக்கு எடுக்கவே கூடாது. சிக்காக இருந்தால்தான் உருளை குலையாமல் நிற்கும்.

ஃபேன்சி ஸ்டோரில் உங்கள் முடி நிறத்தில் மெல்லிய கொண்டை வலை ஒன்று வாங்கி இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் முடியை வைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, 10 சென்டிமீட்டர் நீளம், கட்டைவிரல் பருமன் வரும்படி இறுக்குங்கள். இரண்டு முனையும் கூம்பி இருக்கட்டும். சின்ன ஏலக்கிப் பழம் மாதிரி இருந்தால் சரியான வடிவம். ஓரத்தைக் கறுப்பு நூலால் தைத்துவிட்டால் முடிந்தது.

வைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தலைக்குக் குளித்த மறுநாள் செய்யுங்கள். அன்றைக்கே குளித்த முடி வழுக்கும். பக்க வகிடு எடுத்து, வகிட்டிலிருந்து காது வரை உள்ள முன்முடியைத் தனியே பிரியுங்கள். வேரில் மட்டும் லேசாகப் பின்வாக்கில், அதாவது வேரை நோக்கிச் சீவி, மேற்பரப்பை வழவழப்பாக்குங்கள். முடியை நேராக மேலே தூக்கிப் பிடித்து, நுனிக்கு இரண்டு விரற்கடை கீழே ஸ்டஃபிங்கை வையுங்கள். நுனி முழுவதையும் அதன்மேல் சுற்றி, ஒரு முடிகூட வெளியே நீட்டாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தலை வரை உருட்டிக்கொண்டு வாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சுருள் கோணிவிடும். உருண்டு வந்து உட்கார்ந்ததும் ஒரு பின்னை ஸ்டஃபிங்கின் வழியாக விட்டு, அடியில் உள்ள முடியையும் சேர்த்துக் கவ்வவிடுங்கள். இன்னொரு பின்னை அதற்குக் குறுக்கே விடுங்கள். ஸ்லைடு பின்னின் நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். பலபேர் தலைகீழாகக் குத்துகிறார்கள். கடைசியாக, சுருளின் முன் ஓரத்து முடியை விரலால் விரித்து ஸ்டஃபிங்கின் முனையை மூடுங்கள்.

உங்கள் பாத்திரம் என்ன வேலை செய்கிறது என்பதையும் இயக்குநரிடம் கேளுங்கள். சீருடை அணிந்த பிரிட்டிஷ் பெண்கள் முடியைக் காலருக்கு மேலேயே நிறுத்த வேண்டும் என்பது விதி. எனவே பின்முடியும் மேலே போகட்டும். தொழிற்சாலைப் பெண் என்றால் ஸ்கார்ஃப் கட்டுங்கள். ஒரு கண்ணை மறைத்துத் தொங்கும் கூந்தலால் பெயர் பெற்ற அமெரிக்க நடிகை வெரோனிகா லேக்கைப் பார்த்துப் பெண்கள் அதேபோல் விட்டுக்கொண்டதால் இயந்திரத்தில் முடி சிக்கும் ஆபத்து வந்தது. அவரையே முடியைத் தூக்கிக் கட்டச் சொல்லி அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டது.

உதிர்ந்த முடியை வீட்டில் வைத்தால் தரித்திரம் என்கிறார் என் மாமியார். சேர்த்து வைக்கலாமா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

தரையில் முடி உருண்டு சோற்றில் விழக்கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் கண்டித்துச் சொன்னது அது என்றே நான் நினைக்கிறேன். நம் ஊர்களிலும் பெண்கள் சிக்கு முடியைச் சுருட்டிக் கூரையில் செருகி வைத்தார்களே! தெருவில் வருகிற வியாபாரியிடம் கொடுத்துப் பாத்திரமோ ஊசி பாசியோ வாங்கினார்கள். சவுரியும் அப்படிச் சேர்ந்த முடியில்தான் வந்தது. உறையில் போட்டு உங்கள் பீரோவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் மனம் சங்கடப்பட்டால் விட்டுவிடுங்கள், கடையில் ஒரு சவுரி வாங்கி வலைக்குள் வைத்து உருட்டினாலும் போதும். நைலான் சவுரியாக இருந்தால் சூடான அயர்ன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும்.

அப்பாவுக்குச் சதாபிஷேகம் வருகிறது. அம்மாவின் 1968 கல்யாணப் போட்டோவில் முன்பக்கம் உயர்த்தி அழகாகக் கொண்டை போட்டிருக்கிறார். அதே அலங்காரத்தை மறுபடி செய்து பார்க்க ஆசை. இப்போது முடி மெலிந்து நரைத்துவிட்டது. முடியுமா?
— மகள், திருநெல்வேலி

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கண்டிப்பாக முடியும். உலகமெங்கும் கூந்தல் உயர்ந்த காலம் அது. சிகாகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற கூந்தல் அலங்காரக் கலைஞர் 1960-ல், தேன்கூடு மாதிரி உயர்ந்த பீஹைவ் கொண்டையை அமைத்துக் காட்டினார். நம் சினிமா நாயகிகளும் உயர்த்திக் கட்டினார்கள், அவர்களைப் பார்த்து மணப்பெண்களும்.

ஒன்றே ஒன்று, கறுப்பு ஸ்டஃபிங் வேண்டாம். மெலிந்த நரைமுடி வழியாக அது அப்படியே தெரியும். அம்மாவின் சீப்பில் சேரும் முடியையே எடுங்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்தே வரும். போதவில்லையென்றால் சாம்பல் நிறப் பழைய பருத்திப் பனியன் துணியில் ஒரு துண்டைச் சுருட்டி நடுவில் வைத்து, மேலே அவருடைய முடியைப் பரப்பி வலையால் மூடுங்கள். காதுக்குக் காது நீளம் வேண்டாம். உச்சிக்கு முன்னால் 12 சென்டிமீட்டர், நடுவில் இரண்டு விரல் உயரம், ஓரத்துக்குப் போகப் போகச் சரிந்து தட்டையாகும் பிறை வடிவம் போதும். பின்வாக்கில் சீவவே சீவாதீர்கள். இந்த வயதில் முடி அறுந்துவிடும், உயரம் கொடுக்கத்தான் ஸ்டஃபிங் இருக்கிறதே. பிறையின் இரு முனையிலும் ஒரு பின், நடுவில் ஒரு கொண்டை ஊசி. தோல் இழுபடுகிறதா என்று குத்தும்போதே அம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம்: கலசத் தண்ணீர் இருவர் தலையிலும் விழும். காலையிலேயே அலங்காரம் செய்துவிட்டால் எல்லாம் நனைந்து தொங்கும், ஈர ஸ்டஃபிங் கனக்கும். காலையில் சாதாரணப் பின்னல் போதும். அபிஷேகம் முடிந்து புடவை மாற்றும்போது தலையைத் துவட்டி, டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து நன்றாக உலர்த்தியபின் தூக்கிக் கட்டுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு அறையும் உதவிக்கு ஓர் ஆளும் முன்னமே சொல்லி வையுங்கள். பூவைக் கொண்டையில் சுற்றுங்கள், முன் உயரத்தின் மேல் வைக்காதீர்கள், எடையில் அமுங்கிவிடும்.

தலையணைப் பஞ்சு, பழைய சாக்ஸ் இவற்றில் செய்யலாமா?
— வாசகி, சென்னை

பஞ்சு வேண்டாம். வியர்வையில் சூடு ஏறும், வெள்ளையாக எட்டிப் பார்க்கும். கறுப்பு சாக்ஸின் நுனியை வெட்டிச் சுருட்டினால் பின்கொண்டைக்கு நல்ல வளையம் கிடைக்கும்.

பள்ளி விழாவுக்காக என் மகளுக்கு அக்காள் மகளின் ஸ்டஃபிங்கை வைக்கலாமா?
— தாய், மதுரை

வேண்டாம், பேனும் ஈரும் கூடவே வரலாம். ஷாம்புவில் அலசினாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. வலை விலை குறைவுதானே, குழந்தைக்கென்று தனியாக ஒன்று தைத்துக்கொடுங்கள்.