காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்ல முடியுமா?

அன்புள்ள ஐயா,

2-இன் 67ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் எண், பகு எண் என்று 1876இலேயே தெரிந்துவிட்டது, ஆனால் காரணிகள் 1903இல்தான் கிடைத்தன என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பிடிபடவில்லை. வகுபடும் என்றால் எதால் வகுபடும் என்று காட்ட வேண்டாமா? காட்டாமலே 27 வருடம் எப்படி நம்பினார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அது நம்பிக்கை இல்லை, நிரூபணம். பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த வழி ஒன்றே ஒன்றுதான்: 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்ப்பது. அதனால் காரணியைக் கையில் பிடித்துக் காட்டினால்தான் பகு எண் என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது.

91-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் பகா எண் மாதிரியே இருக்கும். அது உண்மையிலேயே பகா எண் என்றால், 2-இன் 90ஆம் அடுக்கை 91-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும். 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்ணுக்கும் இப்படித்தான் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா கண்டது. சரி, பார்ப்போம். 2-இன் 12ஆம் அடுக்கு 4096. 91 × 45 = 4095. மீதி 1. 90 என்பது ஏழு பன்னிரண்டும் ஓர் ஆறும். அந்த ஏழு பன்னிரண்டுக்கும் மீதி 1தான் என்பதால், மிஞ்சுவது 2-இன் 6ஆம் அடுக்கு, அதாவது 64. ஒன்று வர வேண்டிய இடத்தில் 64 வந்துவிட்டது. 91 பகா எண் இல்லை, முடிந்தது. 7 × 13 என்பதை நாம் எங்கேயும் தொடவில்லை. எனக்கு இதை முதலில் யாரோ போட்டுக் காட்டியபோது அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

உங்கள் எண்ணுக்கு இதே சோதனை பலிக்காது. 2-இன் பகா எண் அடுக்கில் 1 குறைத்தால் வரும் அந்த வகை எண்கள் 2-ஐ வைத்துச் சோதித்தால் பகு எண்ணாக இருந்தாலும் தேறிவிடும். அதனால் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அவற்றுக்கென்றே தனியாக ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்த அந்த எண், 1876இல் பட்டியலை விட்டு வெளியேறியது. எது வகுக்கும் என்று மட்டும் தெரியவில்லை. பகு எண்ணா என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, பிரிப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவது பல மடங்கு கடினம். 2-இன் 16384ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் 4933 இலக்க எண்ணைப் பாருங்கள். 1960களிலேயே பகு எண் என்று நிரூபித்துவிட்டார்கள். முதல் காரணி கிடைத்தது 2010இல், அதுவும் கணினிகளை வைத்துக்கொண்டு.

1903இல் கணினி ஏது? ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கையால் போட்டே கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இந்த எண்ணின் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அப்படியும் சிறிய காரணியே 134 × 14,45,580 + 1 என்ற இடத்தில் இருந்தது. அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தை பேசாமல் பலகையில் இரண்டு பக்கமும் கணக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்று சொல்வார்கள்.

கடைசியில் ஒன்று, நேரம் இருந்தால் நீங்களே செய்து பாருங்கள். கோல் கண்டுபிடித்த இரண்டு காரணிகளான 761838257287-ஐ 193707721-ஆல் பெருக்க வேண்டும். போன் கால்குலேட்டரில் பெரும்பாலும் எல்லா இலக்கமும் வராது. கட்டம் போட்ட நோட்டு நல்லது. 193707721-இல் 7 மூன்று தடவை வருவதால் 5332867801009 என்ற வரியை ஒரு தடவை கணக்கிட்டால் போதும், இடம் மாற்றி மூன்று தடவை எழுதிக்கொள்ளலாம். கூட்டி முடித்தால் உங்கள் எண்ணான 147573952589676412927 வர வேண்டும்.