ஆர் கேள்வி பதில்: அப்ளை போட்டதும் பெயர்கள் எங்கே போயின?

ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில், மேட்ரிக்ஸின் ஒவ்வொரு நிரைக்கும் (அல்லது நிரலுக்கும்) ஒரே ஃபங்ஷனை ஓட்டுவது அப்ளை. எல்லாருக்கும் ஒரே உதாரணம்: சிங்கப்பூரில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரத்துக்கும் மணிக்கு மணி வரும் பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, கூடினால் மோசம்) எண்கள். வட்டாரங்கள் நிரை (row), 24 மணி நேரம் நிரல் (column), மேட்ரிக்ஸின் பெயர் எம். சரி, கேளுங்கள்.

தெம்பனிஸ் மாணவர்: அக்கா, அப்ளை(எம், 1, மீன்) போட்டால் (1 என்றால் நிரை நிரையாக) வட்டாரப் பெயரோடு வருகிறது. ரேஞ்ச் போட்டால் மேட்ரிக்ஸே திரும்பிக்கொள்கிறதே?

மீன் (தேக்கா மார்க்கெட் மீன் இல்லை, சராசரி) ஒரு நிரைக்கு ஒரே எண்தான் தரும், அதனால் வெக்டரில் (ஒற்றை வரிசையாக வரும் விடை) நிரைப்பெயர் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ரேஞ்ச் குறைந்தது, கூடியது என இரண்டு எண் தருகிறது. ஒவ்வொரு விடையையும் அப்ளை ஒரு நிரலாக அடுக்குவதால் 2 நிரை, 5 நிரல் வரும், உங்கள் வட்டாரங்கள் நிரல்பெயர் ஆகிவிடும். டி() போட்டுத் திருப்புங்கள். ரேஞ்ச் தன் விடைக்குப் பெயர் வைப்பதில்லை, அதனால் நிரைப்பெயர் காலி. குவான்டைல் (கால்மானங்கள்) போட்டால் 0%, 25% என்று பெயர் தானே வரும்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்: ஒவ்வொரு வட்டாரத்திலும் மோசமான மூன்று மணி நேரம் வேண்டும். பெரியதிலிருந்து சிறியதாக சார்ட் செய்து முதல் மூன்றை எடுத்தேன், மணிகளின் பெயரே காணோம்.

காணாமல் போனதே நல்லது! வடக்கில் மோசமான மணி வேறு, கிழக்கில் வேறு. எல்லா விடையிலும் பெயர்கள் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் அப்ளை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தூக்கிப்போட்டுவிடும். இதையே வட்டாரங்களை லிஸ்ட்டாக்கி எஸ்அப்ளையில் (லிஸ்ட்டுக்கான அப்ளை) செய்து பாருங்கள், முதல் வட்டாரத்தின் மணிகளையே எல்லாருக்கும் நிரைப்பெயராக ஒட்டிவிடும், எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. நான் ஒருமுறை அப்படியே ஒரு அறிக்கையை அனுப்பிவிட்டு, மறுநாள் கோப்பி குடிக்கும்போதுதான் கவனித்தேன். மணிகள்தான் தேவை என்றால் எண்களை விட்டுவிட்டு, அப்படி சார்ட் செய்ததன் நேம்ஸில் (பெயர்களில்) முதல் மூன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதுங்கள். எண்ணும் வேண்டுமானால் அப்ளையிலேயே சிம்ப்ளிஃபை = ஃபால்ஸ் போடுங்கள் (ஆர் 4.1.0 முதல் உண்டு), லிஸ்ட்டாக வரும், பெயர் எதுவும் தொலையாது.

அதே நண்பர்: ஒரே ஒரு மோசமான மணி போதும் என்றால்?

விச்.மேக்ஸ், ஆகப் பெரிய எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஆனால் விடை ஒன்றே ஒன்று என்பதால் வட்டாரப் பெயர்தான் நிற்கும், மணியின் பெயர் போய்விடும், கையில் இருப்பது எத்தனையாவது நிரல் என்ற எண் மட்டும். அதை கால்நேம்ஸ்(எம்), அதாவது நிரல்பெயர்கள், பின்னால் சதுர அடைப்பில் போட்டால் மணி கிடைக்கும். அப்படி எடுக்கும்போது வட்டாரப் பெயர் கழன்றுவிடும், திரும்ப ஒட்டிக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் தங்கை: 100க்கு மேல் போன வட்டாரங்களை மட்டும் வடிகட்டினேன். சில நாள் ஓடுகிறது, சில நாள் அப்ளை எர்ரர்.

அந்த நாட்களில் ஒரே வட்டாரம்தான் தேறியிருக்கும். ஒற்றை நிரை மிஞ்சினால் ஆர் அதை வெக்டராக்கிவிடும். மணிகளின் பெயர் இருக்கும், எந்த வட்டாரம் என்பது போய்விடும். சதுர அடைப்புக்குள் ட்ராப் = ஃபால்ஸ் சேர்த்து வடிகட்டுங்கள்மா, மேட்ரிக்ஸாகவே இருக்கும்.

தெம்பனிஸ் மாணவர்: டேட்டா ஃபிரேமில் (எண்ணும் எழுத்தும் கலந்து இருக்கக்கூடிய அட்டவணை) நேரடியாக அப்ளை போடலாமா?

ஒரே ஒரு எழுத்து நிரல் இருந்தாலும் எண்கள் அத்தனையும் எழுத்தாகிவிடும். முதலில் எண் நிரல்களை மட்டும் பிரித்தெடுங்கள்.