நேற்று கூட்டம், இன்று வெறுமை

கேள்வி: வசந்த காலத்தில் நகரப் பூங்காவில் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினேன். பளிச்சென்ற நிறத்தையும் பாட்டையும் வைத்தே அப்போது இனங்காண முடிந்தது. இப்போது இலையுதிர் காலத்தில் எல்லாம் ஒரே மங்கலாகத் தெரிகின்றன. கையேட்டுப் படங்களோடு எதுவும் ஒத்துப்போவதில்லை. ஒரு நாள் மரமெல்லாம் பறவைகள், மறுநாள் ஒன்றுமில்லை. என் பார்வையில் குறையா? கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து அவற்றை அருகில் வரவழைக்கலாமா?

பதில்: உங்கள் பார்வையில் குறை ஏதுமில்லை. கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகின்றன. விண்மீன்களையும் புவியின் காந்தப்புலத்தையும் வழிகாட்டியாகக் கொண்டு பறந்து, விடியும் வேளையில் கீழே எங்கே பசுமை தெரிகிறதோ அங்கே இரை தேடவும் இளைப்பாறவும் இறங்குகின்றன. கட்டடங்களுக்கு நடுவே பசுமை என்று இருப்பது பூங்கா ஒன்றுதான் என்பதால், அகன்ற காட்டில் சிதறிப்போகும் பறவைகள் அங்கே சில மரங்களுக்குள் நெருங்கிவிடுகின்றன. அடுத்த இரவு காற்று வாய்த்தால் அவை கிளம்பிவிடும். ஆகவே காலையில் பூங்காவுக்குப் போவதற்கு முன், முந்தைய இரவு காற்று எப்படி வீசியது என்று பாருங்கள். வட அரைக்கோளத்தில், மழை விலகி வானம் தெளிந்து வடக்கிலிருந்து குளிர்காற்று வீசிய இரவுக்கு மறுநாள் விடியலை நான் தவற விடுவதில்லை.

நிறம் மங்குவதற்குக் காரணம் உண்டு. இனப்பெருக்கம் முடிந்ததும் பல பறவைகள் இறகுதிர்த்துப் புதிய இறகு பெறுகின்றன. சில இனங்களின் ஆண்கள் அப்போது பகட்டான நிறத்தை இழந்துவிடுகின்றன. நீங்கள் காண்பவற்றில் கணிசமானவை அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலே பயணம் செய்பவை அவற்றுள் பல. (2022 அக்டோபரில், பிறந்து ஏறத்தாழ ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் என்ற கரையோரப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் கடந்தது. பூங்காவில் காணக்கூடிய பறவையன்று. ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.)

ஆகவே நிறத்தை விட்டு நடத்தையைக் கவனியுங்கள். இருந்த கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து, மீண்டும் அதே கிளைக்கோ அருகிலுள்ள கிளைக்கோ திரும்பினால் பெரும்பாலும் ஈப்பிடிப்பான். இலைகளுக்கு இடையே ஓயாமல் துருவித் தேடினால் கதிர்க்குருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். தரையில் நடந்தபடி வாலை மேலும் கீழும் அசைத்தால் வாலாட்டியா என்று பாருங்கள். உள்ளூர்ப் பட்டாணிக்குருவிகளின் கூட்டத்தை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். வந்திறங்கிய விருந்தாளிகள் இரை தேட அவற்றோடு சேர்ந்துகொள்வதுண்டு. நடந்துகொண்டே தேடுவதைவிட, தண்ணீருக்கு அருகே பழமுள்ள மரம் ஒன்றின் எதிரில் அரை மணி நேரம் அசையாமல் நிற்பது பலன் தரும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரே போதும். பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும்.

கைப்பேசிக் குரல் வேண்டாம். அடுத்த இரவுப் பயணத்துக்கு உடலில் கொழுப்புச் சேர்க்க அந்தப் பறவைக்கு இருப்பது இந்தப் பகல்தான்; இல்லாத ஒரு பறவையைத் தேடி அதை அலைக்கழித்தால், அந்த நேரம் தீனியிலிருந்துதான் கழியும்.